ஓடும் முன் நடந்து பாருங்கள்: பூலாய் மலையில் நெடுந்தொலைவு ஓட்டத்துக்கு வழி பார்ப்பது எப்படி?

பொந்தியான் வட்டாரம் பெரும்பாலும் சமதரை. கடலோரக் கரைமேடு, அன்னாசிக் காடு, செம்பனைத் தோட்டம், அவற்றுக்கு நடுவே நேர்கோடாக ஓடும் கால்வாய்கள். எங்கு நின்று பார்த்தாலும் கிழக்கே ஒரு மலை தெரியும். அதுதான் பூலாய் மலை. பொந்தியான், கூலாய் மாவட்டங்களின் எல்லையில் நிற்கும் இதன் உயரம் 654 மீட்டர்.

அண்மைக் காலமாக மாரத்தான் ஓடி முடித்த நம் இளைஞர்கள் பலர் அடுத்த படியாக 'அல்ட்ரா மாரத்தான்' எனப்படும் நெடுந்தொலைவு ஓட்டத்தில் ஆர்வம் காட்டுகிறார்கள். மாரத்தான் 42.195 கிலோமீட்டர். அதைவிட அதிகத் தொலைவு எதுவானாலும் அது அல்ட்ராதான். 50 கிலோமீட்டர், 100 கிலோமீட்டர், 100 மைல் என்று போட்டிகள் உண்டு. இவற்றில் பல, தார்ச்சாலையில் அல்லாமல் காட்டிலும் மலையிலும் தோட்டத்து மண்பாதையிலும் நடப்பவை.

சாலை ஓட்டத்துக்குக் காலணி மாட்டினால் போதும். காட்டுவழி ஓட்டம் அப்படியல்ல. ஓடப் போகும் வழியை முன்கூட்டியே நடந்து பார்த்து, எங்கே தண்ணீர், எங்கே பிரிவு, எங்கே வெளியேறலாம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். பலர் இதைப் பயிற்சியாகவே கருதுவதில்லை. உண்மையில் உயிரைக் காப்பது இந்தப் பகுதிதான்.

வழி தெரியாததால் என்ன ஆகும்?

2019 மார்ச்சில் பேராக், கோப்பேங்கில் காட்டுவழி ஓட்டப் போட்டி ஒன்று நடந்தது. அதில் பங்கெடுத்த ஓட்டக்காரர் ஒருவர் வழியில் காணாமல் போனார். தீயணைப்பு மீட்புப் படையும் போலீசும் தன்னார்வலர்களும் பல நாள் தேடினார்கள். அந்தச் செய்தி நாட்டையே உலுக்கியது. ஏற்பாட்டாளர்கள் முன்னின்று நடத்திய போட்டியிலேயே இப்படி நடந்தது என்றால், யாரும் கண்காணிக்காத பயிற்சி ஓட்டத்தில் ஆபத்து இன்னும் கூடுதல்.

2021 மே 22ஆம் தேதி சீனாவின் கான்சு மாநிலத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் 172 பேர் ஓடினார்கள். மலை உச்சியை நெருங்கும்போது திடீரென ஆலங்கட்டி மழையும் கடுங்காற்றும் வீசின. மெல்லிய சட்டையோடு ஓடிய 21 பேர் இறந்தார்கள். வாகனம் போக முடியாத செங்குத்தான பகுதியில்தான் பலர் சிக்கிக்கொண்டார்கள். வழி பார்க்கப் போகும்போது ஒருவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்: இந்தப் பாதையில் உதவி வந்து சேர முடியாத இடம் எது?

தமிழ்நாட்டில் இன்னொரு பாடம் கிடைத்தது. 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில் மலையேறப் போயிருந்தவர்கள் சிக்கினார்கள். 20 பேருக்குக் குறையாமல் உயிரிழந்தார்கள். கோடையில் காய்ந்த புல்வெளி, மேலே ஏறும் தீ, இறங்க வழியில்லாத சரிவு எல்லாம் ஒன்று சேர்ந்தன. அதன்பின் தமிழ்நாடு அரசு அதே ஆண்டு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. 2024இல் வனத்துறை 40 பாதைகளை வழிகாட்டிகளோடு பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. எந்தப் பாதையில், எந்த மாதத்தில், யாருடைய அனுமதியோடு போவது என்பதை முடிவு செய்வதும் வழி பார்ப்பதில் அடங்கும்.

பூலாய் மலை சொல்லும் கதை

பூலாய் மலை சிறிய மலைதானே என்று நினைப்பவர்கள் 2001 டிசம்பரை நினைத்துப் பார்க்க வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் புயல் வராது என்றுதான் அதுவரை எல்லாரும் நம்பியிருந்தார்கள். டிசம்பர் 27ஆம் தேதி 'வாமெய்' புயல் தென்கிழக்கு ஜொகூரில் கரையைத் தொட்டது. அதனோடு வந்த பெருமழையில் பூலாய் மலையில் மண் சரிந்தது. 4 வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன. 5 பேர் இறந்தார்கள்.

மழை நாளில் இந்த மலையின் ஓடைகள் எப்படி மாறும் என்பதற்கு அதுவே சாட்சி. மேலே பெய்த மழைநீர் கீழே வெயில் அடிக்கும் நேரத்தில்கூடச் சுவர்போல இறங்கி வரலாம். மலாய்க்காரர்கள் இதைக் 'கெப்பாலா ஆயர்' என்பார்கள். 2021 ஆகஸ்ட் 18ஆம் தேதி கெடா, ஜெராய் மலையடிவாரத்தில் இப்படி வந்த வெள்ளம் உயிர்களைப் பறித்தது. ஓடை நீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ அந்த நொடியே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். வழி பார்க்கும்போது பாதை ஓடையைக் கடக்கும் ஒவ்வோர் இடத்தையும் குறித்து வையுங்கள். மழைக்குப் பின் அந்த இடங்களைக் கடக்காமல் திரும்பி வர வேறு வழி உண்டா என்றும் பாருங்கள்.

இந்த மலைக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1927ஆம் ஆண்டு ஜொகூர் சுல்தானோடு செய்த உடன்படிக்கையின்படி சிங்கப்பூர் இங்கிருந்து தண்ணீர் எடுத்தது. 1961ஆம் ஆண்டு உடன்படிக்கை 2011 ஆகஸ்ட் 31ஆம் தேதி முடிந்தபோது இங்கிருந்த நீர் நிலையங்கள் ஜொகூரிடம் ஒப்படைக்கப்பட்டன. மலையைச் சுற்றி நீர்ப்பிடிப்புப் பகுதி இருப்பதால் கண்ணில் படும் எல்லாப் பாதையும் பொதுப்பாதை ஆகிவிடாது.

முதலில் அனுமதி

1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தின் 47ஆவது பிரிவின்படி, நிரந்தர வனக் காப்பகத்துக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். 10,000 ரிங்கிட் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பொழுதுபோக்கு வனமாகத் திறந்துவிட்ட பகுதிக்கு ஒரு விதி, அதைத் தாண்டிய காட்டுக்கு வேறு விதி. நேரமும் கட்டணமும் மாறக்கூடியவை. மழைக்காலத்தில் மூடப்படுவதும் உண்டு. ஆகவே போகும் முன் ஜொகூர் மாநில வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. வனத்துறை அங்கீகரித்த மலை வழிகாட்டிகளும் உண்டு. 'மலிம் குனோங்' என்று கேட்டால் சொல்வார்கள். முதல் முறை அவர்களில் ஒருவரோடு போனால் செலவு கொஞ்சம், தெரிந்துகொள்வது நிறைய.

தோட்டங்களும் அப்படியே. செம்பனைக் குலை திருட்டு நடப்பதால், அதிகாலையில் விளக்கோடு ஓடும் புதிய முகத்தைக் காவலாளி சந்தேகிப்பது இயல்பு. தோட்ட அலுவலகத்தில் பெயரும் வாகன எண்ணும் கொடுத்து, எந்தப் பகுதியில் ஓடலாம் என்று கேட்டுவிடுங்கள். எந்த நாளில் எங்கே களைக்கொல்லி அடிக்கிறார்கள், எங்கே குலை அறுக்கிறார்கள் என்பதையும் அங்கேயே தெரிந்துகொள்ளலாம். மருந்து அடித்த இடத்தில் ஓடக் கூடாது. நீண்ட கம்பில் கட்டிய அரிவாளால் மட்டையும் குலையும் வெட்டும் இடத்துக்கு அருகேயும் போகக் கூடாது.

செம்பனைக்குள் திசை மாறுவது ஏன்?

காட்டைவிடச் செம்பனைத் தோட்டத்தில் வழி தவறுவது எளிது என்று சொன்னால் பலர் நம்பமாட்டார்கள். காட்டில் பெரிய மரம், பாறை, ஓடை என்று அடையாளம் இருக்கும். செம்பனையில் ஒவ்வொரு நிரையும் மற்றதைப் போலவே இருக்கும். பத்து நிமிடம் ஓடிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் நாலு பக்கமும் ஒரே காட்சி.

தோட்ட வேலை தெரிந்தவர்களுக்கு இதில் குழப்பம் இல்லை. இரண்டு நிரைகளுக்கு இடையே ஓர் இடைவெளி குலை எடுக்கும் பாதை. அடுத்த இடைவெளி வெட்டிய மட்டைகளைக் குவிக்கும் இடம். இப்படி ஒன்றுவிட்டு ஒன்றாக வரும். ஓட வேண்டியது குலை எடுக்கும் பாதையில் மட்டுமே. மட்டைக் குவியலில் எலி இருக்கும். எலி இருக்கும் இடத்தில் நாகப்பாம்பு இருக்கும். மட்டையின் அடியில் உள்ள முள் காலணியையும் துளைக்கும்.

பல தோட்டங்களில் ஒவ்வொரு பகுதியின் மூலையிலும் நட்ட ஆண்டும் பகுதி எண்ணும் எழுதிய பலகை இருக்கும். வழி பார்க்கும்போது அந்தப் பலகைகளைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். விபத்து என்றால், 'செம்பனைக்குள் எங்கோ இருக்கிறேன்' என்று சொல்வதைவிடப் பகுதி எண்ணைச் சொன்னால் தோட்டத்து ஆட்கள் நேராக வந்து சேர்வார்கள்.

கரி மண்ணும் கடற்கரையும்

பொந்தியானின் பெரும்பகுதி கரி மண். மக்கிய மரமும் இலையும் சேர்ந்த அந்த மண்ணில்தான் பெக்கான் நானாஸ் வட்டாரத்து அன்னாசி விளைகிறது. மேலே காய்ந்து கெட்டியாகத் தெரிந்தாலும் அடியில் மெத்தென்று இருக்கும். கணுக்கால் பிசகுவது இங்கே அடிக்கடி நடக்கும். ஒரு மாதம் முன்பு சரியாக இருந்த பாதை மழைக்குப் பின் தாழ்ந்திருக்கலாம்.

இந்தப் பகுதியில் 'பாரிட்' என்று தொடங்கும் ஊர்ப்பெயர்கள் ஏராளம். கால்வாய் என்பதுதான் அதன் பொருள். தேநீர் நிறத்தில் நிற்கும் அந்தத் தண்ணீரின் ஆழம் பார்வைக்குத் தெரியாது. குறுக்கே போட்ட பனந்தண்டும் பலகையும் உளுத்துப் போயிருக்கலாம். எந்தப் பாலம் உறுதியானது, அடுத்த பாலம் எத்தனை தூரத்தில் என்று நடந்து பார்த்தால்தான் தெரியும். இல்லாவிட்டால் எதிர்க்கரையில் நிற்கும் வாகனத்தை அடைய 3 கிலோமீட்டர் சுற்ற வேண்டிவரும்.

வறண்ட மாதங்களில் கரி மண் தீப்பிடித்தால் அடியிலேயே புகைந்து பரவும். குரங்கணிப் பாடம் இங்கேயும் பொருந்தும். புகை தெரிந்தால் அந்த வழியை விட்டுவிடுங்கள். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டிய நாளில் ஓட்டம் வேண்டாம்.

சமதரையில் நீண்ட நேரம் ஓடிப் பழகக் கடலோரக் கரைமேடுகள் பொருத்தமானவை. ஆனால் நிழல் இருக்காது. ஆசியப் பெருநிலத்தின் தென்முனையான தஞ்சோங் பியாயும் குக்குப் தீவும் 2003இல் ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டவை. அங்கே அனுமதித்த பாதையைவிட்டு இறங்குவது சதுப்புநிலத்துக்கும் கேடு, காலுக்கும் கேடு.

எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு கணக்கு

1892ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் எளிய கணக்கு ஒன்று சொன்னார். 5 கிலோமீட்டர் நடக்க 1 மணி நேரம், 600 மீட்டர் உயரம் ஏற மேலும் 1 மணி நேரம். மலையேறுபவர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

தோட்டப் பாதையும் மலை ஏற்றமுமாக 20 கிலோமீட்டர் வழி ஒன்று, ஏற்றம் 600 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தூரத்துக்கு 4 மணி நேரம், ஏற்றத்துக்கு 1 மணி நேரம், மொத்தம் 5 மணி நேரம். நெய்ஸ்மித்துக்கு ஜொகூர் வெயிலும் வியர்வையும் தெரியாது. நின்று படம் எடுக்கவும் குறிப்பு எழுதவும் நேரம் வேண்டும். ஆகவே இன்னும் பாதி சேர்த்தால் ஏழரை மணி நேரம். காலை 7.30க்குக் கிளம்பினால் பிற்பகல் 3 மணி ஆகிவிடும். நம் நாட்டில் இடி மின்னல் பெரும்பாலும் வருவது அந்த நேரத்தில்தான். அப்படியானால் அந்த வழியை இரண்டாகப் பிரித்து இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பார்ப்பதே சரி.

ஏற்றப் பயிற்சிக்கும் இந்தக் கணக்கு உதவும். 50 கிலோமீட்டர் போட்டியில் மொத்த ஏற்றம் 2,400 மீட்டர் என்றால், பூலாய் மலையை நான்கு முறை ஏறி இறங்குவதற்கு ஏறக்குறைய சமம். உச்சியில் உள்ள தொலைத்தொடர்புக் கோபுரத்துக்குப் போகும் தார்ச்சாலையிலேயே இந்தப் பயிற்சியைத் தொடங்கலாம். சாலையில் உடம்பு பழகிய பிறகு காட்டுப்பாதைக்கு மாறினால் போதும்.

வழி பார்க்கும் நாளில்

முதல் முறை ஓடாதீர்கள், நடங்கள். மூவராகப் போவது நல்லது. ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் துணை இருக்க, மற்றவர் உதவி கேட்டு வரலாம்.

ஒவ்வொரு பிரிவிலும் நின்று திரும்பிப் பாருங்கள். போகும்போது தெரியும் காட்சி வேறு, வரும்போது தெரியும் காட்சி வேறு. பலர் வழி தவறுவது திரும்பும்போதுதான். வந்த திசையையும் சேர்த்துப் படம் எடுங்கள். மரத்தில் வெட்டுவதோ சாயம் அடிப்பதோ வேண்டாம். துணி கட்டினால் திரும்பும்போது அவிழ்த்துவிடுங்கள். பழைய அடையாளம் அடுத்தவரைத் தவறான வழிக்கு இழுத்துவிடும்.

கைப்பேசி வரைபடத்தை இணையம் இல்லாமலும் பார்க்கும்படி முன்னதாகவே இறக்கி வையுங்கள். அடர்ந்த மரங்களுக்குக் கீழே கைப்பேசி காட்டும் இடம் சில சமயம் தள்ளிப்போகும். எங்கே அலைவரிசை கிடைக்கிறது, எங்கே அறவே இல்லை என்பதையும் குறித்து வையுங்கள்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் கொண்டு போங்கள். அதற்குமேல் ஒரு லிட்டர் கைவசம் இருக்கட்டும். ஓடைத் தண்ணீரை அப்படியே குடிக்காதீர்கள். எலிச்சிறுநீர்க் காய்ச்சல் வரும் ஆபத்து உண்டு. காலில் காயம் இருந்தால் மூடிக்கொள்ளுங்கள். ஓடையில் இறங்கிய அடுத்த சில வாரங்களில் காய்ச்சல் வந்தால், மருத்துவரிடம் அதை மறக்காமல் சொல்லுங்கள்.

பாம்பு கடித்தால் வெட்டுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. கடிபட்டவரை ஆடாமல் வைத்துத் தூக்கி வந்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். குளவிக்கூடு தெரிந்தால் சத்தமின்றி வந்த வழியே திரும்புங்கள்.

திரும்பும் நேரத்தை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். 11 மணி என்றால் 11 மணி. உச்சி பத்து நிமிடத் தூரத்தில் இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். ஜொகூரில் மாலை 7 மணியை ஒட்டிச் சூரியன் மறையும். காட்டுக்குள் அதற்கு வெகு முன்னரே இருட்டிவிடும். இரவு ஓட்டப் பயிற்சியை, பகலில் பலமுறை போய் வந்த வழியில் மட்டும், அதுவும் அனுமதி உள்ள இடத்தில் மட்டும் செய்யுங்கள்.

வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டியவை

மனைவியிடமோ அம்மாவிடமோ 'ஓடப் போகிறேன்' என்று மட்டும் சொன்னால் போதாது. வண்டி எங்கே நிற்கும், எந்த வழியாகப் போய் எந்த வழியாக வருவது, உடன் வருபவர் யார், எத்தனை மணிக்குள் அழைப்பு வரும் என்ற நான்கையும் எழுதிக் கொடுங்கள். வரைபடத்தின் படத்தையும் அனுப்பி வையுங்கள். சொன்ன நேரத்துக்கு மேல் ஒரு மணி நேரம் ஆகியும் தகவல் இல்லை என்றால் 999க்கு அழைக்கச் சொல்லுங்கள். 'தொந்தரவு கொடுக்கிறோமோ' என்று வீட்டார் தயங்கக் கூடாது. இருட்டும் முன் தொடங்கும் தேடலுக்குப் பலன் அதிகம்.

வழி தவறிவிட்டால் ஓடித் தேடாதீர்கள். நின்றுவிடுங்கள். கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடம் அருகில் இருந்தால் மட்டும் அங்கே திரும்புங்கள். இல்லையென்றால் திறந்த, மேடான இடத்தில் இருங்கள். ஓடையோரம் வேண்டாம். விசில் ஊதுங்கள். நடந்துகொண்டே இருப்பவரைவிட ஓரிடத்தில் இருப்பவரைக் கண்டுபிடிப்பது எளிது.

தோட்டத்துப் பெரியவர்கள்

இந்தப் பயிற்சியில் நம்மவர்களுக்கு ஒரு வசதி உண்டு. விடிவதற்கு முன் பெரட்டில் நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, இருட்டில் நிரை நிரையாக நடந்து பால்மரம் வெட்டியவர்கள் நம் தாத்தா பாட்டிகள். எந்தச் சரிவில் மழைக்குப் பின் கால் வழுக்கும், எந்த ஓடை முதலில் நிரம்பும், எந்தப் பக்கம் பாம்பு அதிகம் என்பது அவர்களுக்கு மனப்பாடம். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும், மேட்டையும் பள்ளத்தையும் அவர்கள் மறக்கவில்லை.

தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறி, மக்கள் டவுனுக்குப் போய்விட்ட பிறகு அந்தப் பாதைகளின் பெயர்கள்கூட மறைந்து வருகின்றன. பொந்தியான் பக்கம் ஓடப் பழகும் இளைஞர்கள், அங்கே வேலை செய்த பெரியவர் ஒருவரோடு ஒரு மாலை உட்கார்ந்து, தேநீர் வாங்கிக் கொடுத்து, ஒரு தாளில் வழியை வரையச் சொல்லிப் பாருங்கள். கைப்பேசி வரைபடத்தில் இல்லாத ஒரு பாலமோ ஊற்றோ அதில் இருக்கலாம். மறுவாரம் நடந்து பார்த்துவிட்டு வந்து, அது இன்னும் இருக்கிறதா இல்லையா என்று அவரிடம் சொல்லுங்கள். அவரும் அதைத் தெரிந்துகொள்ளக் காத்திருப்பார்.